பளிங்கு போன்ற கிணற்றுத் தண்ணீரிலும் கிருமி!
வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு சின்ன பாட்டில் போதும்

சென்னை புறநகரில் பாதாள சாக்கடை வராத தெருக்களில் வீட்டுக்கு வீடு கிணறு அல்லது போர். அதற்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க்!

இரண்டுக்கும் நடுவே குறைந்தது 50 அடி (15 மீட்டர்) இடைவெளி வேண்டும் என்பது சுகாதார விதி. அரை கிரவுண்டு மனையில் 50 அடிக்கு எங்கே போவது?

டேங்க் கசிந்தால் கழிவு மண்ணில் இறங்கிக் கிணற்றில் கலக்கும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாக வரக்கூடியவைதான். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். வாடையும் இருக்காது.

"எங்க தாத்தா காலத்திலேருந்து இதைத்தான் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலே" என்பார்கள். தாத்தா காலத்தில் தோட்டமாக இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றனவே!

பேனா காட்டாது

பலர் டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்துவிட்டு, "200தான் காட்டுது, நல்ல தண்ணி" என்று திருப்திப்படுகிறார்கள்.

அந்தப் பேனா கரைந்துள்ள உப்பை மட்டுமே சொல்லும். லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பரவாயில்லை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிருமி இருக்கிறதா என்று பேனாவுக்குத் தெரியாது.

கறுத்தால் ஆபத்து!

அதற்கு இருக்கிறது எச்2எஸ் பாட்டில். குவாலியர் ராணுவ ஆராய்ச்சிக் கூட விஞ்ஞானிகள் 1982-ல் உலகுக்குச் சொன்ன முறை இது. விலையும் அதிகமில்லை.

குழாயைச் சில நிமிஷம் திறந்து விட வேண்டும். பிறகு பாட்டிலில் கோடு வரை தண்ணீர் பிடித்து மூட வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு வீட்டு மூலையில் வைத்தாலே போதும்.

24 முதல் 48 மணி நேரத்துக்குள் தண்ணீர் கறுத்துவிட்டால், மலக் கழிவு கலந்திருக்கலாம் என்று அர்த்தம். அன்றிலிருந்தே தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கறுத்த பாட்டிலில் பிளீச்சிங் பவுடர் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

கறுக்கவில்லையா? அதற்காக முழு நிம்மதி அடைந்துவிட முடியாது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே உறுதி. 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலி கிருமிகூட இருக்கக் கூடாது என்பது விதி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

கிணற்றுக்கு மருந்து

கிணற்றில் 1,000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். ஆனால் டேங்க் கசிவை அடைக்காவிட்டால் கிருமி திரும்ப வரும்.

கொதித்தாலும் போகாது

கழிவோடு சேர்ந்து வருவது நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. ரத்தத்தில் பிராண வாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் இது போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது. மற்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை சோதனை. வெள்ளம் புகுந்தால் உடனே இன்னொரு முறை!