புதுநீரிற் புகும் பவளம்

பவளம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மாணவராகிய நமக்கு நினைவில் எழுவன செவ்வாயும் அணிகலனுமேயாம். பட்டினப்பாலை ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்து கிடந்த பண்டங்களை எண்ணுமிடத்துத் துகிரைக் கீழ்கடற் பொருளாக வைத்தனர். ஆயின் அப்பொருள் ஓர் உயிரின் என்புக்கூடு என்பதும், தான் வாழும் நீரின் தன்மை திடீரென மாறுமாயின் அவ்வுயிர் வாடிவிடும் என்பதும் நம்மிற் பலர் எண்ணிப் பாராதன. யானும் சென்ற ஆண்டு வரை எண்ணினேனல்லேன். எண்ண நேர்ந்தது கைப்பேசி வழியே சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கடிதத்தால்.

என் அத்தான் ஒருவர் அந்நகரிற் பணிபுரிகின்றவர். 200 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றைத் தம் இல்லத்தில் அமைத்து, அதிற் கடல்நீர் நிரப்பி மீன் வளர்த்து வந்தார். பின்னர் விலை கொடுத்துப் பவளமொன்றும் வாங்கி வைத்தார். இரண்டாம் நாளில் அது நிறங்குன்றிற்று. மூன்றாம் நாளில் வெண்சுண்ணாம்பு போலாயிற்று. இறந்ததெனக் கருதி அதனை எறிந்துவிட்டு, மனம் வருந்தி எமக்கு எழுதினார். (நம் நாட்டில் இவ்வின்பத்துக்கு இடமில்லை. பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்துள்ளன. ஆதலின் இங்குள்ள அன்பர் எவரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தொட்டி வாங்கப் புறப்படற்க.)

அக்கடிதத்தை யான் பிரம்மதேசத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து உரக்கப் படித்தேன். கேட்டிருந்தவர் என் பெரியப்பா. அவர் மரக்காணத்து உப்பளத்தில் முப்பது ஆண்டு உழைத்தவர். பவளத்தைப் படத்திலன்றிக் கண்டறியாதவர். படித்து முடித்ததும் அவர் வினவியது ஒன்றே: "தொட்டியில் தண்ணீர் வற்றினால் மருமகன் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறான்?" யான் எழுதிக் கேட்க, "குறைந்தது கடல்நீர், ஆகவே கடல்நீரையே ஊற்றி வந்தேன்" என்று விடை வந்தது. "அப்படியென்றால் அவன் வளர்த்தது மீனில்லை, உப்பு" என்றார் பெரியப்பா.

அவர் கூறியதன் உண்மையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் ஆவியாகுமெனக் கொள்வோம். ஆவியாய்ச் செல்வது நீர் மாத்திரமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அவ்விடத்தை மீண்டும் கடல்நீரால் நிரப்பினால் நாள்தோறும் 70 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். இருபது நாளில் 1,400 கிராம். அஃதாவது லிட்டருக்கு 7 கிராம். 35 இருந்த இடத்தில் 42 ஆயிற்று. கடையில் 35இல் வாழ்ந்த பவளம் ஒரு நொடியில் 42இல் இறக்கப்பட்டது. வற்றிய அளவுக்கு உப்பற்ற நன்னீரை ஊற்றியிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது.

மரக்காணத்து உப்பளம் செய்வதும் இதுவேயன்றோ? உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றச் செய்கின்றனர். நீரின் செறிவைக் கண்ணாடி மானியொன்றை மிதக்கவிட்டு அறிகின்றனர். கடல்நீர் அம்மானியில் சுமார் 3½ டிகிரி காட்டும். வற்ற வற்ற முதலிற் சுண்ணாம்புச் சத்து படியும்; பின்னர் ஜிப்சம் படியும்; 25 டிகிரியை எட்டும்போதுதான் சோற்றுப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியில் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவர். மக்னீசியம் பெரும்பாலும் அதனோடு போய்விடும். இதனால் மற்றொன்றும் விளங்குகின்றது. நாம் உண்ணும் உப்பை நன்னீரிற் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து முதற்பாத்திகளிலே நின்றுவிட்டது. மக்னீசியம் கசப்பு நீரோடு சென்றுவிட்டது. எஞ்சியது சோடியம் குளோரைடு ஒன்றே. தொட்டி வளர்ப்போர் எல்லாச் சத்தும் சேர்ந்த தனிக்கலவையை விலைக்கு வாங்குவதன் காரணம் இதுவே. பெரியப்பா இதனைக் கேட்டு, "கசப்புத் தண்ணீரை இத்தனை காலம் வீணென்றல்லவா திறந்துவிட்டோம்!" என்று வியந்தார்.

இனி, பவளம் எத்தகைய உயிர் என்பதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். அணிகலப் பவளமும் பாறை கட்டும் பவளமும் ஓரினமல்ல. ஆயினும் இரண்டும் சிற்றுயிர்கள் பல கூடி வாழ்ந்து கட்டிய கூடுகளே. பாறை கட்டும் பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளத்துக்கு நிறம் தருவனவும் பெரும்பாலும் அவையே. உவர்ப்போ வெப்பமோ ஒளியோ மிகுந்தால் இக்குடித்தனம் குலைகின்றது; பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றது. அப்பொழுது ஒளிபுகும் தசையினூடே வெண்மையான கூடு தெரிகின்றது. இதனையே வெளிறுதல் என்பர்.

வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. இதனை அறிந்தபோது அத்தான் எறிந்ததை எண்ணி யாம் வருந்தினோம். கூட்டின்மேல் மெல்லிய தசை உளதாயின், இழந்த பாசிகள் சில வாரங்களில் மீண்டும் பெருகுதல் கூடும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010ஆம் ஆண்டுக் கோடையில் வெளிறின; கடல் குளிர்ந்தபின் பல மீண்டன. 2016இல் மறுபடியும் வெளிறியபோது மாண்டவை பல.

நிற்க. இரண்டாவது பவளத்தை அத்தான் எங்ஙனம் குடியேற்றினார் என்பதைக் கூறுவேன். முதலில் திருத்தப்பட்டது தொட்டியே. நாள்தோறும் சிறிது உவர்நீரை எடுத்து, அவ்வளவு நன்னீரைச் சேர்த்து, பத்து நாளில் 35க்குக் கொணர்ந்தார். பின்னரே பவளம் வாங்கினார். அது வந்த பையைத் திறவாமல் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டார். இருநீரின் வெப்பமும் ஒத்தன. அதன்பின் பவளத்தைச் சிறு கலமொன்றில் அதன் நீரோடு வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சிட்டுத் தொட்டிநீர் துளித்துளியாய், நொடிக்கு இரண்டு மூன்று துளி வீதம் விழச் செய்தார். பவளத்துக்குச் சிறுநீரகம் இல்லை. வெளிநீரின் செறிவே உள்நீரின் செறிவாகும். அதன் நுண்ணறைகள் அதற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளச் சிறிது காலம் வேண்டும். ஒருமணி நேரத்தில் இது முடிந்தது.

இதனை மிக நீட்டித்தலும் தவறு. நெடுவழி வந்த பைநீரில் உயிர்க்கழிவாகிய அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்தவுடன் கரியமிலவாயு வெளியேற, அந்நீரின் காரத்தன்மை உயர்ந்து அம்மோனியாவின் நஞ்சு கடுமையாகும். ஆதலின் நீண்ட பயணம் செய்த பவளத்தை விரைவில் நன்னீர்மையுள்ள தொட்டிக்கு மாற்றுவதே நன்று. பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

நீர் பழகுவது ஒருமணி வேலை. ஒளி பழகுவதோ மாத வேலை. வந்த நாளிலேயே விளக்கின்கீழ் உயரத்தில் வைத்தது அத்தானின் இரண்டாம் பிழை. இம்முறை தொட்டியின் அடியில் வைத்து, வாரம் ஒருபடியாக நான்கு வாரத்தில் மேலேற்றினார். இடையில் அது பழுப்பேறிற்று. மீண்டும் அஞ்சி எழுதினார். ஒளி குறைந்த இடத்திற் பாசிகள் மிகுவதால் வரும் நிறம் அஃது, அஞ்சத்தக்கதன்று.

தொட்டியிற் செய்த இதனையே கடலிற் செய்வோரும் உளர். முன்னாளிற் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளம் வெட்டப்பட்டமையால் தூத்துக்குடிக் கடலிற் பாறைகள் பல சிதைந்தன. அந்நகரின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், நலமுள்ள பவளத்திலிருந்து எடுத்த சிறுதுண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களிற் பிணைத்துக் கடலடியில் நட்டு வருகின்றனர். மான்கொம்பு போற் கிளைக்கும் இனங்கள் விரைந்து வளர்கின்றன. அங்கே துளித்துளியாய் நீரூற்ற வேண்டுவதில்லை. ஆயின் கோடை வெப்பத்தைக் குறைக்க முடிச்சிடுங் குழாயும் இல்லை.

அத்தானின் பவளம் ஆறாம் வாரத்தில் தன் பசுநிறத்தை எய்தி, இரவில் உணர்கொம்புகளை விரிக்கத் தொடங்கியது. அப்படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "அழகுதான், இப்போது எத்தனை டிகிரி என்று கேள்" என்றார்.