உங்களுக்குத் தெரியுமா? ‘ஈஸி’, ‘ஹார்ட்’ ரகசியங்கள்!

90-களில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவரா நீங்கள்? வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டி இருந்ததா? பிடியுங்கள், இந்த வாரப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்!

‘9999999 இன் 1’ கேசட் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோடிக்கு ஒன்றே ஒன்றுதான் குறைவு! ஆனால் உள்ளே இருந்த நிஜ கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

அப்படியானால் மீதி எல்லாம்? அதே கேம்தான், வேறு வேடத்தில்! ஒரு வரிசையை அழுத்தினால் முதல் கட்டத்தில் தொடங்கும். அடுத்ததை அழுத்தினால் பாதி வழியில் இறக்கிவிடும். இன்னொன்றில் உயிர்கள் கொட்டிக் கிடக்கும். பால்மரம் வெட்டப் போன அம்மா வீடு திரும்புவதற்குள் கேசட்டின் அடியில் ஊதி, சொருகி, அடாப்டர் கொதிக்கக் கொதிக்க அந்தப் பட்டியலை உருட்டினோமே... நாம் தேர்ந்தெடுத்தது புது கேமை அல்ல, கஷ்டத்தின் அளவை! இந்த ஒரு தகவலுக்காகவே இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம்!

அந்த மெனுவில் கடல்பறவைகள் பறக்க, பின்னால் ஒரு மெட்டு ஓடும். அது ‘அன்செயின்ட் மெலடி’ என்ற ஆங்கிலப் பாட்டு. வெளிவந்த ஆண்டு 1955!

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. விரல் தானாக ஓடுகிறதா? ‘கொன்ட்ரா’வில் 3 உயிரை 30 ஆக்கிய மந்திரம் இது! முதலில் புகுந்தது 1986-இல், ‘கிரேடியஸ்’ கேமில். புகுத்தியவர் கோனாமியின் கசுஹிசா ஹஷிமோத்தோ. ஏன் தெரியுமா? சரிபார்க்க உட்கார்ந்தவருக்கு அந்த கேம் அவ்வளவு கஷ்டமாக இருந்ததாம்! கேமைச் செய்து முடித்தவரே ஈஸி வழி தேடியிருக்கிறார். இனி யாராவது உங்களைக் கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்!

ஈப்போவில் ஆர்கேட் மெஷின் முன்னால் நின்று டோக்கன் போட்டவர்களே, கேளுங்கள். மெஷினுக்குள் சர்க்யூட் பலகையில் நகம் அளவுக்குக் குட்டிக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எத்தனை உயிர், எவ்வளவு கஷ்டம் என்பதைக் கடைக்காரர் அங்கேயே வைத்துவிடலாம்! ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இல் மட்டும் 8 அளவு! ஒரே கேம் ஒரு கடையில் சுலபமாகவும் அடுத்த கடையில் பேயாகவும் இருந்ததற்குக் காரணம் உங்கள் கை அல்ல!

1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள். சுடச் சுட மிச்சமிருப்பவர்கள் வேகம் எடுப்பார்கள். யாரும் திட்டமிட்டதல்ல! இத்தனை உருவங்களை ஒன்றாக நகர்த்த அன்றைய சிப்பால் முடியவில்லை. கூட்டம் குறையக் குறைய சிப்புக்கு மூச்சு வந்தது! உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். போகப் போகக் கஷ்டம் கூடும் கேம் பிறந்த கதை இது!

‘பேக்-மேன்’ முடியாத கேம் என்று நினைத்தீர்களா? 256-ஆம் கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். எந்த மன்னனாலும் தாண்ட முடியாது!

1992-இல் வந்த ‘வோல்ஃபன்ஸ்டைன் 3டி’-யில் மிகச் சுலபமான அளவைத் தொட்டால், முரட்டு நாயகன் தலையில் குழந்தைத் தொப்பி, வாயில் சூப்பான்!

மறு ஆண்டு அதே குழுவின் ‘டூம்’. ஆகக் கஷ்டமான ‘நைட்மேர்’ அளவில் கொன்ற பேய்களே எழுந்து வரும்! அதைத் தொட்டால், இதில் கொஞ்சமும் நியாயம் இருக்காது, நிச்சயமாகத்தானா என்று கேமே ஒரு தடவை கேட்கும்!

இதோ, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த தகவல்! ‘ரெசிடென்ட் ஈவில் 4’-ஐ 2005-இல் முடித்துவிட்டுக் காலரைத் தூக்கினீர்களா? நீங்கள் திரும்பத் திரும்பச் செத்தால் எதிரியின் அடி பலம் இழக்கும், சில இடங்களில் எதிரிகளே காணாமல் போவார்கள். நன்றாக ஆடினால் சத்தமில்லாமல் இறுக்கும். திரையில் ஒரு வார்த்தை வராது!

இந்தக் கள்ளத்தனத்தை 1996-லேயே செய்தது ‘கிராஷ் பாண்டிகூட்’. ஒரே இடத்தில் செத்துக்கொண்டே இருந்தால் முகமூடி ஒன்று தானாக வந்து காக்கும்! கெட்டிக்காரர்களுக்கு ஒன்றும் குறையாது, தடுமாறுகிறவர்களுக்கு ஒரு கை கிடைக்கும். என்னைக் கேட்டால், கேம் உலகத்தின் மிக அழகான கண்டுபிடிப்பே இதுதான்!

‘மெட்டல் கியர் சாலிட் 5’ அவ்வளவு மென்மையில்லை. பல தடவை தோற்றால் கோழித் தொப்பி தரும்! போட்டுக்கொண்டால் எதிரிகள் 3 தடவை உங்களைக் கண்டும் காணாமல் விடுவார்கள்!

ஜப்பானிய ‘கொன்ட்ரா: தி ஹார்ட் கோர்’, 1994: ஓர் உயிருக்கு 3 அடி தாங்கலாம். அமெரிக்கப் பதிப்பு: ஒரே அடி, காலி!

நம்மவர் கை பட்ட கதையும் உண்டு! 2016-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 15’-இன் வடிவமைப்பாளர்களில் ஒருவர் மலேசியரான வான் ஹஸ்மர். அதில் ஈஸி அளவை வையுங்கள். நாயகன் சாய்ந்த நொடியில் கார்பங்கிள் என்ற குட்டிப் பிராணி ஓடி வந்து எழுப்பிவிடும்! அந்தக் கேமின் சமையலில் நாசி லெமாக்கும் இருக்கிறது! வான் ஹஸ்மர் ஊர் திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2020-இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ வந்தது. அதில் வில்லன்களின் அடி இசைத் தாளத்தோடு விழும். காது கூர்மையானவர்களுக்குச் சண்டை சுலபம்!

ஈஸியும் கிடையாது, ஹார்டும் கிடையாது, செத்துச் செத்துக் கற்றுக்கொள் என்கிறது ‘எல்டன் ரிங்’. 2022-இல் வந்தது. 3 வாரத்துக்குள் விற்றது எவ்வளவு? 1 கோடியே 20 லட்சம்!

‘ஹேடஸ்’ 2020: ‘காட் மோட்’ போட்டால் எதிரியின் அடியில் 20 விழுக்காடு குறையும். ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 விழுக்காடு. 80-இல் நிற்கும். கணக்குப் போட்டேன்: அந்த உச்சத்தைத் தொட 30 தடவை சாக வேண்டும்!

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’, அதே 2020. உங்கள் பலம், எதிரி, கூட்டாளி, ஒளிந்து நகர்வது, கிடைக்கும் பொருட்கள் என ஐந்துக்கும் தனித்தனியாகக் கஷ்டம் வைக்கலாம். அதற்கு மேல் 60-க்கும் அதிகமான உதவி வசதிகள். கண் பார்வை இல்லாதவர்கள் ஒலியையும் அதிர்வையும் பிடித்துக்கொண்டே அந்தக் கேமைக் கடைசிக் காட்சி வரை முடித்திருக்கிறார்கள்!