உஹதுக்குப் பின்னும் மஷூரா

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) குறைஷியர் படை நெருங்கியபோது, மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்த்திடலாம் என்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கருத்தாகும். பத்ரில் பங்குபெறாத இளைஞர்களோ வெளியே சென்று பொருதிட விழைந்தனர். ஆட்சித் தலைவராகிய பெருமானார், தம் கருத்தை விடுத்து அவர்தம் கருத்தை ஏற்றார்கள்.

உஹதில் சுமார் 70 தோழர்கள் ஷஹீதாயினர். குன்றின்மேல் நிறுத்தப்பெற்ற வில்வீரர் பலர் இடம் பெயர்ந்ததே தோல்விக்கு வழிகோலிற்று என்பது வேறு செய்தி. ஆயினும், ஆட்சியாளர் ஒருவர் இனி எவரையும் கலந்திட வேண்டா என முடிவு செய்ய இதனினும் தக்க தருணம் உண்டோ? சிந்தித்துப் பாருங்கள்.

அப்போரையொட்டி அருளப்பெற்ற ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனமோ, அவர்களை மன்னிக்கவும், அவர்களுடனேயே கலந்தாலோசிக்கவும் நபியைப் பணிக்கின்றது. வஹீ பெற்றவருக்கே மஷூரா! ஈராண்டுகளுக்குப் பின் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, அகழ் தோண்டும் யோசனையை வழங்கியவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களே.