படம் மங்கினால் பிளானை மாற்றாதீர்கள்

விஆர் ஹெட்செட் வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். 360 டிகிரி வீடியோ போட்டால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது, நடுவில் நின்று நின்று ஓடுகிறது. அவர்கள் செய்துவிட்டு வரும் காரியமும் ஒன்றுதான்: இன்டர்நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு மாற்றியிருப்பார்கள். மாதாமாதம் கூடுதல் பணம் போகும், படம் பழையபடியே இருக்கும். கஸ்டமர் கேருக்குப் பல தடவை போன் செய்ததாகச் சொல்வார்கள். புகார் எண் கேட்டால் இருக்காது. ஹெட்செட்டின் பில்லைக் கேட்டால், தெரிந்தவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார் என்பார்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். அதைப் பார்க்க அரை மணி நேரம் போதும், எந்த மெக்கானிக்கும் தேவையில்லை.

முதலில் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, வீடியோ எதையும் திறக்காமல், முகப்பு மெனுவில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். அந்த எழுத்தே மங்கலாக இருந்தால் இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கண்மணிகளுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப லென்ஸ்களை நகர்த்தும் சக்கரமோ பட்டனோ ஹெட்செட்டில் இருக்கும். பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் வேண்டாம்.

மெனுவிலும் வீடியோவிலும் ஒரே இடத்தில் ஒரு மஞ்சள் கறையோ கரும்புள்ளியோ தெரிந்தால், பெரும்பாலும் வெயில் பட்டுத் திரை கருகியிருக்கிறது. ஹெட்செட்டின் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடிதான். வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்தால் திரையைச் சுட்டுவிடும். ஜன்னலோர மேசையில், கார் சீட்டில், மொட்டை மாடியில் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள். இந்தக் கறை போகாது. உத்தரவாதத்திலும் பொதுவாக இதை ஏற்க மாட்டார்கள்.

மெனு எழுத்து பளிச்சென்று இருந்து, வீடியோ மட்டும் மங்கினால் அடுத்த சோதனை. அதே வீடியோவை ஹெட்செட்டிலேயே இறக்கிவைத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மங்கல் என்றால் வீடியோவே அவ்வளவுதான். இறக்கியது தெளிவாக ஓடி, இணையத்திலிருந்து ஓட்டும்போது மட்டும் மங்கினால், அப்போதுதான் நெட்வொர்க் மீது சந்தேகம் வர வேண்டும்.

வீடியோவே அவ்வளவுதான் என்றால் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் ஏமாற்றுவது இங்கேதான். டிவியில் 4கே என்றால் 3,840 புள்ளிகளும் கண் எதிரே இருக்கும் திரையில் விழுகின்றன. 360 டிகிரி வீடியோவில் அதே 3,840 புள்ளிகள் உங்களைச் சுற்றி முழு வட்டத்துக்கும் பரவுகின்றன. ஒரு நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது சுமார் 100 டிகிரி. அதற்குள் இருப்பவை 1,067 புள்ளிகள்தான். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கான திரையின் அகலம் 2,064 புள்ளி. ஆக, 4கே என்று பெருமையாகப் போட்டிருக்கும் 360 வீடியோ அந்தத் திரையில் பாதித் தெளிவைத்தான் தரும். 8கே வீடியோவாக இருந்தால்தான், அதாவது 7,680 புள்ளிகள் இருந்தால்தான், திரைக்கு ஈடு கொடுக்கும். பாதி வட்டத்தை மட்டும் படமெடுக்கும் விஆர் 180 வகை வீடியோக்கள் பல நேரம் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். பிளான் 300 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் 1,000-ஆக இருந்தாலும் இல்லாத புள்ளியை அது கொண்டுவராது.

போனைச் சொருகிப் பார்க்கும் மலிவு விலைப் பெட்டிகளை "4கே விஆர்", "8கே விஆர்" என்று விற்கிறார்கள். அதற்குள் திரையே கிடையாது, இரண்டு லென்ஸ் மட்டும்தான். தெளிவு முழுக்க உங்கள் போனைப் பொறுத்தது. இது தவறான விளம்பரம். புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். இருநூறு, ஐந்நூறு ரூபாய்தானே என்று எல்லோரும் விட்டுவிடுவதால்தான் அந்த விளம்பரங்கள் தொடர்கின்றன.

இன்னொன்று, வீடியோவின் தரத்தை "ஆட்டோ"வில் விட்டுவிடுவது. நெட்வொர்க் ஒரு நொடி தடுமாறினாலும் அது தரத்தைக் கீழே இறக்கிவிடும். செட்டிங்ஸில் நீங்களே 2160, 4320 என்று தேர்ந்தெடுங்கள். யூடியூபில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்று ஒரு வசதி உண்டு. அதைத் திறந்தால் இணைப்பின் வேகம், முன்கூட்டியே சேர்ந்திருக்கும் வீடியோவின் அளவு, விட்டுப்போன பிரேம்கள் எல்லாம் எண்ணில் தெரியும். முன்சேமிப்பு நிறைய இருக்கும்போதே பிரேம்கள் விட்டுப்போய்க்கொண்டிருந்தால் ஹெட்செட்டின் சிப் திணறுகிறது என்று பொருள். தரத்தை ஒரு படி குறையுங்கள். முன்சேமிப்பு அடிக்கடி பூஜ்யத்துக்கு வந்தால் நெட்வொர்க் கோளாறு. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நெட்வொர்க். போனில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து "300 வருகிறது சார்" என்று காட்டாதீர்கள். ஹெட்செட்டின் பிரவுசரிலேயே, நீங்கள் வீடியோ பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். பல வீடுகளில் ஹெட்செட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்களும் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடிக்கும் அலைவரிசை அது. 2.4-க்கும் 5-க்கும் ரூட்டரில் ஒரே பெயர் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, ஹெட்செட்டை 5-இல் மட்டும் இணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டினால் பலவீனமாகும், அதனால் ரூட்டர் அதே அறையில் இருப்பது நல்லது. வயர்லெஸ் ரிப்பீட்டர் வாங்கி மாட்டினால் சிக்னல் கோடு கூடும், வேகம் பாதியாகக்கூடக் குறையலாம். கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டர் வைப்பதுதான் சரி.

இணைப்புக் கொடுக்க வருபவர்கள் மாட்டிவிட்டுப் போகும் ரூட்டரையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். 2.4 மட்டுமே உள்ளதை, அல்லது லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும் ரகத்தை மாட்டிவிட்டு 300 பிளானுக்குப் பணம் வாங்குகிறார்கள். இதைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

அளவுக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். 50 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் ஒரு வீடியோ மணிக்கு 22.5 ஜிபி சாப்பிடும். "அன்லிமிடெட்" என்று சொல்லப்படும் பிளான்களிலும் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மாதக் கடைசியில் மட்டும் படம் கெட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, ரூட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கணினியில் எடுத்த சோதனையிலும் வேகம் வரவில்லை என்றால் தவறு நிறுவனத்தின் பக்கம். அங்கிருந்துதான் மக்கள் மோசமாகச் சறுக்குகிறார்கள்.

போனில் கத்துவது புகார் ஆகாது. புகார் பதிவானால் அதற்கு ஒரு எண் தரப்பட வேண்டும். 2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த தொலைத்தொடர்பு நுகர்வோர் புகார் தீர்வு விதிமுறை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். "செக் பண்ணிச் சொல்கிறோம்" என்றால், எண் கொடுத்துவிட்டுச் செக் பண்ணுங்கள் என்று சொல்லுங்கள். காலையிலும் மதியமும் இரவும் என்று சில நாட்கள் கேபிள் வழிச் சோதனை எடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி படமாக வைத்திருங்கள்.

குறித்த காலத்தில் தீராவிட்டாலோ, தீர்ந்துவிட்டது என்று பொய்யாகக் குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை மூடிவிட்டாலோ (இது அடிக்கடி நடக்கிறது), அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, மின்னஞ்சலே போதும். 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய முகவரி டிராயின் புகார் கண்காணிப்பு இணையதளத்தில் நிறுவனவாரியாக, பகுதிவாரியாக இருக்கிறது. அந்தக் கடிதத்தில் புகார் எண் இல்லாவிட்டால் முதல் படிக்கே திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் சொல்கிறேன்: புகார் எண்.

பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிக்காது, சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள். மேல்முறையீட்டிலும் பலன் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கு அங்கே வராது என்று நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சாதித்தன. வோடபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. இன்றும் யாராவது அப்படிச் சொன்னால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

ஹெட்செட்டே பழுது என்றால் வழி வேறு. இங்கே எல்லாம் நீங்கள் வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வழிமாறி வந்த சரக்கு. வெளிநாட்டு உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம், பழுதானால் யாரிடமும் கேட்க முடியாது. நாலாயிரம், ஐயாயிரம் மிச்சம் என்று அதை வாங்காதீர்கள். ஸ்டிக்கர் இல்லாமல் கடையில் விற்றால் தமிழ்நாட்டில் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு, உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். பலர் காவல் நிலையத்துக்குப் போய், அங்கே "இது எங்கள் வேலை இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

இணையத்தில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள். பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க 2020-இன் மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசும் ரோபோவிடம் பேசிவிட்டுப் புகார் கொடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் குருகிராமில் இருந்தாலும் சரி. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், பில், புகார் எண்கள், மேல்முறையீட்டு மின்னஞ்சல், சோதனைப் படங்கள், நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய நோட்டீஸ், அதைத் தபாலில் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பக்க எண் போட்டு, முன்னால் ஓர் அட்டவணை வைத்து அனுப்புங்கள். பக்க எண் போடாத கட்டு குறையுள்ளது என்று திரும்பி வரும். பழுது இருக்கிறதா என்பதே தகராறு என்றால் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதனால் இடையில் தெருக்கடையில் கொடுத்து ஹெட்செட்டைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் பழுது உங்களுடையது என்று சொல்லிவிடுவார்கள்.

மாலில் விஆர் விளையாட்டுக் கூடம் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கினேன் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விதிவிலக்கு. அதை மனுவிலேயே எழுதுங்கள்.

குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்று நிறுவனம் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் கழிகின்றன.