ஒற்றை லாரிக்காரரும் எஞ்சின் வாரண்டியும்

ஷோரூமில் விலை பேசி, பாடி கட்டத் தனியாகப் பேசி, பைனான்ஸ் தாளில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்தக் கேள்வி வரும்: “எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கறீங்களாங்ணா?” கூடுதலாகப் பணம் கட்டினால், வண்டியோடு வரும் வாரண்டி முடிந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு எஞ்சின் பழுதுச் செலவைக் கம்பெனியே ஏற்கும் என்பார்கள். துணைக்கு வந்திருக்கும் அனுபவசாலி, பெரும்பாலும் பத்து இருபது லாரி வைத்திருப்பவர், “அதெல்லாம் வீண் காசு, நாங்க யாரும் போடறதில்ல” என்பார். முன்பணம் புரட்டியே களைத்துப்போன நம்மவர் சரியென்று விட்டுவிடுவார்.

இருபது லாரிக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது சரியான கணக்கு. நேற்றுவரை டிரைவராக இருந்து, இன்று கடனில் முதல் லாரி வாங்குபவருக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரித் தொழில் வளர்ந்த கதையில் நிலத்துக்குப் பெரிய இடமுண்டு. காடு தோட்டம் வைத்திருந்தவர்கள் அதைக் காட்டி முதல் லாரிக்குக் கடன் வாங்க முடிந்தது. மச்சான், பங்காளி என்று உறவுக்குள் புரட்டி இரண்டாவது லாரி வாங்க முடிந்தது. நிலமில்லாத சேரிகளிலிருந்து போனவர்கள் கிளீனராக ஏறினார்கள், டிரைவராக அமர்ந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் வருவது அவர்களுக்குத் தூரத்துக் கனவாகவே இருந்தது.

இப்போது அந்தப் பெயர் வரத் தொடங்கியிருக்கிறது. தாட்கோவின் தொழில் முனைவோர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. இவை வண்டியை வாசலுக்குக் கொண்டுவர உதவும். அந்த வண்டி ஐந்தாம் ஆண்டில் எஞ்சின் வேலைக்கு நின்றால் யார் பார்ப்பது? அதற்குத் திட்டம் இல்லை.

இருபது லாரியும் ஒரு லாரியும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஆண்டு கூடுதல் வாரண்டிக்கு 90,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது லாரிக்காரர் எல்லாவற்றுக்கும் போட்டால் 18 லட்சம் ரூபாய். இருபதில் ஒன்றிரண்டுக்குத்தான் பெரிய எஞ்சின் வேலை வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு நான்கைந்து லட்சம் ஆனாலும் மிச்சம் அவர் கையில். ஒரு வண்டி பட்டறையில் நின்றாலும் மற்ற பத்தொன்பது வண்டிகள் ஓடி அதன் டியூவைக் கட்டிவிடும். அவருடைய மற்ற லாரிகளே அவருக்கு வாரண்டி.

ஒற்றை லாரிக்காரருக்கு இந்தச் சராசரி கிடையாது. அவருடைய எஞ்சின் ஒன்று ஓடும், இல்லையென்றால் நிற்கும். மாத டியூ 60,000 ரூபாய் என்றால் நாளைக்கு 2,000. பதினைந்து நாள் வண்டி நின்றால் 30,000 ரூபாய் வருமானமில்லாமலே கட்டவேண்டும். அதற்கு மேல் எஞ்சின் வேலைக்கு மூன்று லட்சம் கேட்டால் எங்கே போவது? கந்துவட்டிக்குப் போவார், அல்லது இரண்டு மூன்று டியூ நிற்கும். அதன்பிறகு வண்டி பைனான்ஸ்காரர் யார்டுக்குப் போகும், அவர் பழையபடி இன்னொருவர் லாரியில் டிரைவராக ஏறுவார். கையிலிருந்த மானியமும் முன்பணமும் அந்த லாரியோடு போய்விடும்.

ஆகவே 90,000 ரூபாய் என்பதை மொத்தமாகப் பார்க்காமல், மாதம் 2,500 ரூபாய் என்று பாருங்கள். பிறகு, அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சினில் என்ன மாறியது?

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புதிய லாரிகள் எல்லாம் பி.எஸ்.6 தரத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்.4-லிருந்து 5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போனோம். 2023 ஏப்ரல் முதல் விதிகள் இன்னும் இறுகின. சாலையோரக் குழந்தைகளின் நுரையீரலுக்கு இது நல்லது. அதை நாம் எதிர்க்க முடியாது. ஆனால் எஞ்சினின் குணம் மாறிவிட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பழைய லாரிகள் பலவற்றில் டீசல் பம்பும் நாசிலும் இயந்திரப் பொருள்கள். பம்ப் லேபில் பிரித்து, கழுவி, சரிசெய்து மாட்டிவிடலாம். இன்றைய எஞ்சினில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் பாய்கிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ மண்ணோ கலந்தாலே நாசில் போய்விடும். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் பில்டர் சைலன்சரோடு சேர்ந்திருக்கிறது. அது அவ்வப்போது சூடாகித் தானே கரியை எரித்துக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டத்தில் இது நடந்துவிடும். குவாரிக்கும் கிரஷருக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி, மற்ற நேரம் ஸ்டார்ட்டிலேயே நிற்கும் வண்டியில் பில்டர் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, டிரைவர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவம். 32.5 சதவீதம் யூரியாவும் மீதி உப்பு நீக்கிய தண்ணீரும் கலந்தது அது. புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைப்பது இதன் வேலை. விலை குறைவு என்று சாலையோரத்தில் குழாய்த் தண்ணீர் கலந்த சரக்கை ஊற்றினால் தெளிப்பான் உப்புப் பூத்து அடைக்கும், சென்சார் போகும். உடனே மீட்டரில் விளக்கு எரியும், எஞ்சின் இழுவை குறைந்துவிடும். இதைத் தெருமுனை மெக்கானிக் சாவியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கவேண்டும்.

ஆகவே எஞ்சின் என்றதும் பிஸ்டன், கிராங்க் என்று மட்டும் நினைக்கக் கூடாது. அவை எளிதில் போவதில்லை. முதலில் தொல்லை தருபவை நாசில், டர்போ, சென்சார், கரி பில்டர், யூரியா பம்ப். வாரண்டித் தாளைப் படிக்கும்போது தேட வேண்டிய பெயர்கள் இவைதாம்.

தாளில் எதைப் பார்ப்பது?

முதலில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும்தான். தானாக வரும் எஞ்சின் பழுதுக்கு அது பணம் தராது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆயில், பில்டர் போன்ற சர்வீஸ் வேலைக்கு. வாரண்டி என்பது பொருளின் குறையால் வரும் பழுதுக்கு. ஒன்றை வாங்கிவிட்டு மற்றது கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்தது கிலோமீட்டர். “6 வருஷம் அல்லது 6 லட்சம் கிலோமீட்டர்” என்று தாளில் இருந்தால், எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. வடநாட்டு லோடு ஏற்றி மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 6 லட்சம் என்பது 60 மாதம். அவருக்கு 6 ஆண்டு வாரண்டி உண்மையில் 5 ஆண்டுதான். மாதம் 3,000 கிலோமீட்டர் உள்ளூரில் ஓடுபவருக்கு ஆண்டு முந்தும். உங்கள் ஓட்டத்தை வைத்து வாரண்டி எந்த மாதம் முடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடைசி டியூ எந்த மாதம் என்று எழுதுங்கள். இடையில் இருக்கும் மாதங்கள்தான் உங்களுக்கு ஆபத்தான மாதங்கள். கூடுதல் வாரண்டி அந்த இடைவெளியை மூடினால் வாங்கலாம். டியூ முடியும்வரை கம்பெனி வாரண்டியே இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவது, யார் பொறுப்பு? தயாரிப்பு நிறுவனமா, டீலரா, வேறொரு கம்பெனியா? டீலர் மட்டும் தருவதென்றால் நாக்பூரில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று கேளுங்கள். நாசில், டர்போ, சென்சார், கரி பில்டர், யூரியா பம்ப் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பெல்ட் போன்ற தேய்மானப் பொருள்கள் பொதுவாகச் சேராது. வண்டி நிற்கும் நாள்களின் வருமானத்தையும் பொதுவாக எந்த வாரண்டியும் தராது. அதற்கு ஒரு மாத டியூவையாவது தனியே எடுத்துவைக்க வேண்டும்.

பழைய லாரி வாங்குபவர்கள், மீதமிருக்கும் வாரண்டி தங்கள் பெயருக்கு மாறுமா, அதற்கு எத்தனை நாளுக்குள் எழுதித்தர வேண்டும் என்று விலை பேசும்போதே கேட்க வேண்டும். சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியை வாரண்டி உள்ள வண்டி விலைக்கு வாங்கக் கூடாது.

பணம் கட்டியும் கையை விட்டுப் போவது

வாரண்டி எடுத்தவர்களும் கடைசியில் ஏமாறுவது பெரும்பாலும் தாள் இல்லாததால். சொன்ன கிலோமீட்டரில் சர்வீஸ் செய்யவில்லை, சொன்ன தர ஆயில் ஊற்றவில்லை, வெளியில் எஞ்சினைப் பிரித்தார்கள், யூரியாவுக்குப் பில் இல்லை என்பவைதான் மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆகவே டீசல் பில், யூரியா பில், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் வண்டியிலேயே ஒரு பையில் போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்துவைத்தால் மழையில் நனைந்தாலும் கவலையில்லை.

ஒர்க்ஷாப்பில் விடும்போது குறையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் தமிழிலேயே எழுதச் சொல்லி, தேதியும் கிலோமீட்டரும் போட்டு நகல் வாங்குங்கள். அதே குறை மூன்றாம் முறை வந்தால் மூன்று ஜாப் கார்டுகள் உங்கள் கையில் சாட்சியாக இருக்கும். ஐம்பது லாரிக்காரருக்கு அவருடைய போனே போதும். ஒற்றை லாரிக்காரருக்குத் தாள்தான் பலம்.

மறுத்தால் எங்கே போவது?

“லாரி வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை” என்று சிலர் வாயடைப்பார்கள். முழு உண்மை அதுவல்ல. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது என்றும் அதே சட்டம் விளக்குகிறது. 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு உதாரணமாகவே லாரியைச் சொன்னது: தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவர் நுகர்வோரே. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது. பல லாரி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்குத்தான் இந்தக் கதவு குறுகல்.

செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கலாம். கட்டணம் 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சாதிச் சான்றிதழோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் போதும். உதவி எண் 15100. வன்கொடுமை வழக்குக்கு மட்டும்தான் இந்த உதவி என்று நம் மக்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சின் வழக்குக்கும் அது உங்கள் உரிமை.

திட்டத்தில் இடம் வேண்டும்

தாட்கோவுக்கும் தொழில் மையத்துக்கும் ஒரு கோரிக்கை. வாகனக் கடனுக்கான திட்ட மதிப்பீட்டில் சேசிஸ் விலை, பாடி, வரி, இன்சூரன்ஸ் போல, கடன் முடியும்வரை நீளும் வாரண்டியும் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர வேண்டும். பயனாளிக்குப் பயிற்சி என்று திட்ட அறிக்கை எழுதக் கற்றுத்தரும் நாளில், வாரண்டித் தாளைப் படிக்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மானியம் கொடுத்து வாங்கிய லாரி யார்டில் நின்றால் அரசுக்கும் நட்டம்தானே? விண்ணப்பிப்பவர்கள் கொட்டேஷன் வாங்கும்போதே இவற்றைச் சேர்த்து வாங்கி மனுவோடு வையுங்கள். சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நம்மவர்களும் ஒன்று செய்யலாம். ஒரே வட்டாரத்தில் பத்து ஒற்றை லாரிக்காரர்கள் சேர்ந்து மாதம் 2,500 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் பொது நிதி. யாருடைய லாரி எஞ்சின் வேலைக்கு நின்றாலும் அதிலிருந்து எடுத்து, பிறகு தவணையில் திருப்பித் தரலாம். வாரண்டி எடுத்தவர்களுக்கு வண்டி நிற்கும் நாள்களின் டியூவுக்கும், எடுக்காதவர்களுக்கு எஞ்சின் வேலைக்கும் அது உதவும். இருபது லாரிக்காரருக்குத் தன் இருபது வண்டிகளில் கிடைக்கும் பலத்தை, நாம் பத்துப் பேர் சேர்ந்தால்தான் பெற முடியும். கணக்கைத் திறந்த நோட்டில் எழுதுங்கள், பணத்தை வங்கியில் கூட்டுக் கணக்கில் போடுங்கள். அடுத்த டியூவுக்கு முன்பாகவே பேசித் தொடங்குங்கள்.