இசை விழாவும் முத்துக் குளிப்பும்

முத்து நகராம் நம் தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டு நடந்தது. அதை நாங்கள் பார்த்ததில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துகளை மதிப்பிடுவார்கள். விளைச்சல் போதுமென்று கண்டால் நாள் குறித்து அறிவிப்பார்கள். அதன் பிறகே தோணிகள் புறப்படும். ஒருவர் கல்லின் பாரத்தால் மூழ்கிச் சிப்பி சேகரிக்க, மற்றொருவர் மேலே கயிறு பிடித்து நிற்பார்.

சோதனை, அறிவிப்பு, கயிறு ஆகிய இம்மூன்றும் ஓர் இசை விழாவுக்கும் வேண்டும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றோம்.

நவம்பர் 22, இசைவாணர்களின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள். அதையொட்டி மாணவியர் இசை விழா நடத்த எங்கள் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. உடனே பாட்டு வகுப்புக்குச் செல்லும் பன்னிரண்டு பேரின் பெயரை எழுதிக்கொண்டு போனோம். பட்டியலைப் பார்த்த சிஸ்டர், “மற்றவர்களுக்கெல்லாம் குரலே இல்லையா?” என்று கேட்டார்கள். நாங்கள் தலை குனிந்தோம். பாரைச் சோதிக்காமலே விளைச்சலை முடிவு செய்துவிட்டோமே!

பிறகு ஒவ்வொருத்தியையும் தனியே பாட வைத்தோம். எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் தோழி ஒருத்தியின் குரல் சுருதியை விட்டு இம்மியும் விலகவில்லை. ஆனால் மாலைப் பயிற்சி என்றதும் அவள், “நான் வரலை” என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா விடியுமுன் உப்பளத்துக்குப் போய்க் களைத்துத் திரும்புபவர். மாலையில் தண்ணீர் பிடிப்பதும், தம்பியைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. ஆகவே பயிற்சியை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். அவசரமாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் விலகியும் விட்டார்கள். வருத்தந்தான். ஆயினும் நேரத்தை மாற்றவில்லை.

பயிற்சியில் முதலில் கவனிக்க வேண்டியது சுருதி. ஐந்து கட்டையில் தொடங்கினோம். மேல் ஸ்தாயியில் பலர் கத்தினார்கள். அரைக் கட்டை இறக்கியதும் குரல்கள் இணைந்தன. சேர்ந்து பாடும்போது தன் குரலைவிடப் பக்கத்தில் இருப்பவளின் குரலையே கேட்க வேண்டும். எங்கே மூச்சு விடுவது என்று பாட்டுத் தாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி ஒத்திகை மண்டபத்திலேயே நடக்க வேண்டும். காலி மண்டபத்தில் எதிரொலி குரலைப் பெரிதாகக் காட்டும். ஆட்கள் நிறைந்ததும் அவ்வொலி குறைந்துவிடும். அதைக் கண்டு அஞ்சக் கூடாது.

“படிக்கிற பிள்ளைக்கு மேடை எதற்கு?” என்று சில வீடுகளில் கேட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிச் சொன்னோம். 1859-இல் நெல்லைச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், தஞ்சையில் 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில், தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டே தம் சுருதி ஆராய்ச்சியை விளக்கிக் காட்டினார். குடும்பப் பெண்கள் மேடையேறுவது மிக அரிதாயிருந்த காலம் அது! அடுத்த ஆண்டில் அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது.

இனி அறிவிப்பு. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியோடு ஊரைச் சுற்றி மக்களை அழைத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அழைப்பு என்பது வாசல் தேடிப் போவது என்பதை இதிலிருந்து அறிந்தோம். சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதாது. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொருத்தியும் தன் கையாலே தமிழில் அழைப்பு எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டினோம். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் குறித்தோம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதுவே முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் நம் கரையில் உண்டாதலால், அப்பாமாரும் வரட்டும் என்று ஞாயிறு மாலையையே தேர்ந்தெடுத்தோம். இரண்டு நாளுக்கு முன் மீண்டும் நினைவூட்டினோம்.

விழாவன்று மண்டபம் நிறைந்தது. எங்கள் தோழி தனியே பாட எழுந்தாள். முதல் அடியிலேயே குரல் நடுங்கி நின்றுவிட்டது. ஆர்மோனியம் வாசித்தவள் பதறவில்லை. கட்டையை விடாமல் சுருதியை நீட்டிக்கொண்டே இருந்தாள். மூழ்கியவளுக்கு மேலிருந்து வந்த கயிறு அது. தோழி அதைப் பற்றிக்கொண்டாள். பாட்டு முடியும்வரை விடவில்லை. கதவருகே நின்ற அவள் அம்மா, நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார்கள்.

அன்புத் தங்கைகளே, அடுத்த ஆண்டு விழா உங்கள் கையில். கடைசி வரிசையிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். பெற்றோர்களே, மாலைப் பொழுதில் ஓர் அரை மணி நேரத்தை உங்கள் மகளுக்குத் தாருங்கள். மூழ்குபவளுக்கு மூச்சு மட்டும் போதாது. மேலே கயிறு பிடிக்க ஒரு கையும் வேண்டுமல்லவா?