நாற்பது ஷில்லிங் மாத்திரை

மருந்தின் விலை – 9

கென்யாவின் மேற்கு ஓரத்தில், விக்டோரியா ஏரியை ஒட்டிய பூசியா, சியாயா வட்டாரங்களில் மலேரியா வருஷம் முழுக்க உண்டு. பெருமழை ஓய்ந்த கையோடு, மே முதல் ஜூலை வரை இன்னும் உக்கிரம். தலைநகர் நைரோபிக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா அபூர்வம். சிங்கம் பார்க்கப் போகும் வெளிநாட்டுப் பயணி, விமானம் ஏறும் முன்பே தடுப்பு மாத்திரை விழுங்கத் தொடங்கிவிடுவார். ஏரிக்கரைக் கிராமத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் மருந்து தேட வேண்டும்.

எங்கே தேடுவது? அரசு மருந்தகம் பொழுது சாய்வதற்குள் பூட்டிவிடும். 2004 முதல் 2013 வரை அங்கே 10 ஷில்லிங் பதிவுக் கட்டணம் இருந்தது, அதைவிடப் பெரிய சுகாதார நிலையத்தில் 20. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். கட்டணம் சிறியதுதான். நடையும், வாடகை பைக்குக்குக் கொடுக்கும் காசும், போன பிறகு 'ஸ்டாக் இல்லை' என்ற பதிலும் சேர்ந்தபோதுதான் அது பெரிய செலவானது. கடை அப்படியல்ல. கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது, இரவிலும் கதவைத் தட்டலாம், கடன் சொல்லலாம். சோப்பு, சர்க்கரை, தீப்பெட்டிக்குப் பக்கத்தில் காய்ச்சல் மாத்திரையும் இருக்கும்.

குளோரோகுயின் கேட்ட காலத்தில் இந்த ஏற்பாடு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் குணமாக அமெரிக்கக் காசில் 10 சென்ட் போதும். ஒட்டுண்ணி அந்த மருந்துக்குப் பழகிப்போன பிறகு, 1998-இல் கென்யா வேறு மருந்துக்கு மாறியது. அதுவும் சில வருஷங்களில் காலை வாரியது. சென்ற வாரம் பார்த்தோமே, நம்மூர் மாசிபத்திரிக்கு உறவான சீனச் செடியிலிருந்து விஞ்ஞானி டூ யூயூவின் குழு பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின், அந்த வழி வந்த கூட்டு மருந்தை 2004-இல் கென்ய அரசு முதல் மருந்தாக அறிவித்தது. அரசு மருந்தகங்களுக்கு அது வந்து சேர 2006 ஆகிவிட்டது. நோவார்ட்டிஸ் நிறுவனம் அரசுக் கொள்முதலுக்கு அடக்க விலையில் கொடுத்தது. கடைக்கு வந்தால் அதே மருந்து 500 ஷில்லிங். களை எடுக்கப் போகிறவருக்கு அது பல நாள் கூலி. ஆகவே ஏழைகள் பாராசிட்டமாலையோ, பலனிழந்த பழைய மாத்திரையையோ வாங்கிப் போனார்கள்.

பொருளாதாரத்தில் நோபல் பெற்ற கென்னத் ஆரோ தலைமையிலான அமெரிக்கக் குழு 2004-இல் ஒரு யோசனை சொன்னது. மானியத்தை நோயாளியிடம் கொடுக்க வேண்டாம். தொழிற்சாலை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு உப்பும் சோப்பும் போகிற வழியில் மருந்து தானாகப் போய்ச் சேரும். 2010-இல் கென்யா, கானா, நைஜீரியா, தான்சானியா உள்ளிட்ட நாடுகளில் சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்ட் மூலம் இதைச் சோதித்தார்கள். பெட்டியில் பச்சை இலை முத்திரை. கென்யாவில் பெரியவருக்கான முழுப் பெட்டிக்கு 40 ஷில்லிங் என்று விலை அறிவித்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் 24 மாத்திரைகள். இப்போது நான்கு, எட்டு மணி நேரம் கழித்து நான்கு, பிறகு இரண்டு நாளைக்குக் காலை மாலை நான்கு நான்கு. பால் அல்லது கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் மருந்து உடம்பில் சரியாக ஏறும். பால் வாங்க வழியில்லாத வீட்டில் இந்தக் குறிப்பை என்ன செய்வது? இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டால், மிச்ச மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அடுத்தவருக்கு எடுத்துவைக்கத்தான் கை போகும். இதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். பஞ்சம் பார்த்த வீட்டின் சிக்கனம் அது.

திட்டம் பெரும்பாலான இடங்களில் விலையை இறக்கியது. மருந்தைக் கடைகளில் நிரப்பியது. ஆனாலும் 2012-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. உப்பு, சர்க்கரை விற்பதைப் போல மளிகைக்காரர் மலேரியா மாத்திரை விற்கலாமா, இந்தப் பணத்தில் கிராம சுகாதாரப் பணியாளரை வளர்க்கக் கூடாதா என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு நவம்பரில் குளோபல் ஃபண்ட், இதைத் தனித் திட்டமாகத் தொடர வேண்டாம் என முடிவெடுத்தது.

என்னைக் கேட்டால், இரு தரப்பையும்விடக் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தது மேற்கு கென்யாவில் பொருளாதார ஆய்வாளர்கள் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா, சிமோன் ஷேனர் மூவரும் நடத்திய ஆய்வுதான். மலிவு விலையில் மருந்து வாங்கியவர்கள் பெருகினார்கள். வாங்கிய பெரியவர்களில் பலருக்கு மலேரியாவே இல்லை. விலையை 40-இலிருந்து 100 ஷில்லிங்காக உயர்த்தினால் இந்த வீண் செலவு குறைகிறது. குழந்தைகளுக்கான வாங்கல் அவ்வளவாகக் குறையவில்லை. காரணம் எளிது. சின்னக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை வீதம் ஆறே மாத்திரை. விலையும் கால் பங்கு. கணக்கு சரிதான். நிஜமாகவே மலேரியா கண்ட, 100 ஷில்லிங் இல்லாத பெரியவரின் கதி என்ன என்று கேட்காதவரை சரிதான்.

விலையை உயர்த்தி ஆள் பிரிப்பதைவிட, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பிரிக்கலாமே! சோதனைப் பட்டையில் கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். சந்தேகப்படும் எல்லோருக்கும் முதலில் சோதனை என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் திட்டத்தின் மானியம் மாத்திரைக்கு மட்டும்தான், பட்டைக்கு இல்லை. அந்த மூவரும் பட்டைக்கும் சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் மறுக்காமல் விரலை நீட்டினார்கள். மலேரியா இல்லை என்று தெரிந்த பிறகும் கணிசமானோர் அதே மாத்திரையைத்தான் வாங்கிப் போனார்கள். காய்ச்சல் என்னவோ நிஜம். அதற்கு வேறு மருந்து சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை.

மலேரியா அல்லாத அந்தக் காய்ச்சல்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)